எடைக்கற்கள்

மீன் வாசலில் எடை பார்ப்பவன் நான்.
அடியில் குடைந்த கல்லை
விரல் பட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.
சொல்லுக்கு அப்படியொரு விரல் எனக்கில்லை.

பராகேல் வந்தான்.
புது அங்கி, எண்ணெய் மினுங்கும் தாடி.
"கர்த்தர் உரைக்கிறார்: இன்னும் இரண்டே அறுவடை.
பாபிலோனுக்குப் போனவர்கள் பாட்டோடு திரும்புவார்கள்."
என் தம்பி அங்கே வாய்க்கால் வெட்டுகிறான்.
அத்திப்பழ அடை கொடுத்தேன்,
காசு வாங்கவில்லை.

அதே வாரம் மிக்நேயா வந்தான்.
சீப் ஊரில் தோல் பதனிடுகிறவன்,
அவனுக்கு முன்னால் அவன் நாற்றம் வந்தது.
அவனும் அப்படித்தான் தொடங்கினான்:
"கர்த்தர் உரைக்கிறார்."
அதே பெயர். அதே தொண்டைக் கரகரப்பு.
"இந்த வாசல் எரியும்.
போனவர்களின் பிள்ளைகளுக்கு
இந்தத் தெருவின் பெயர் தெரியாது."
அவன் காலடியில் துப்பினேன்.

சொன்னது நடக்காவிட்டால்
சொன்னவன் பொய்யன் என்கிறது நியாயப்பிரமாணம்.
நல்ல சட்டம்.
தானியத்தைத் தின்று முடித்தபின்
எடை பார்க்கச் சொல்லும் சட்டம்.

அதுவும் எப்போதும் சரியில்லை.
முன்பொரு தடவை, மழை வராது என்றான் மிக்நேயா.
பயந்துபோய் ஊரே சாக்கு உடுத்திக் கிடந்தது.
கொட்டியது மழை.
பொய்யன் பொய்யன் என்று சிரித்தோம்.
தெருவில் நனைந்தபடி
எங்களைவிட அதிகமாய்ச் சிரித்தான் அவன்.

இருவர் சொன்னதையும்
உடைந்த ஓடுகளில் மையால் எழுதி,
ஆண்டும் மாதமும் குறித்து
ஜாடிக்குள் போட்டு வைத்தேன்.

இரண்டு அறுவடை போயிற்று.
"நான் சொன்னது நான்கு" என்றான் பராகேல்.
ஓட்டை நான் வெளியே எடுக்கவில்லை.
தம்பிக்காக
எனக்கும் நான்கு தேவைப்பட்டது.

பிறகு, மதிலுக்கு வெளியே
முற்றுகை மேடு உயர்ந்துகொண்டிருந்த ஓர் இரவில்
மிக்நேயா கதவைத் தட்டினான்.
தன் ஓட்டைக் கேட்டான்.
பார்த்தாயா என்று காட்டத்தான் கேட்கிறான்
என்று நினைத்தேன்.

விளக்கருகே பிடித்து
எழுத்தெழுத்தாய்த் தடவிப் பார்த்தான்.
"எங்காவது தவறாகக் கேட்டிருப்பாய்" என்றான்.
"இன்னொரு தடவை பார்.
ஒரு சொல்லாவது."

வந்தவர்கள் எல்லாரும்
நம்பு என்று கேட்டார்கள்.
நம்பாமலிருக்க ஒரு காரணம் கொடு என்று
கெஞ்சியவன் இவன் ஒருவன்தான்.

ஓட்டைத் திரும்ப வாங்கும்போது
பழக்கத்தில் என் விரல்
அதன் அடிப்பக்கம் போயிற்று.
குடைவு இல்லை.

வெளியே
வாசல் இன்னும்
வாசலாகத்தான் இருந்தது.