நாப்பத்திரண்டு வரைக்கும்

ஆரையம்பதி ரியூஷன் கொட்டிலில்
விஞ்ஞான சேர் பலகைப் பக்கம் திரும்பியதும்
ஷஹ்லா மேசைக்கடியால் நீட்டினாள்.
பிறவுண் பேப்பர் உறை. மேலே, ‘கணிதம், தரம் 11’.

“நாப்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும் சப்பைதான் கா.
பொறுத்துக்கொள்.
மறுகா நித்திரை வராது.”

அவள் எதையும் புகழ்ந்து கேட்டதில்லை.
போன மாதம் தந்த நாவலில்
நான் பாதியில் நிற்கும்போதே
“அந்தப் பொடியன் செத்திருக்கத் தேவையில்லை” என்றாள்.
இரண்டு நாள் கதைக்கவில்லை நான்.

இரவு, கரண்ட் இல்லை. போன் வெளிச்சம்.
நாற்பத்தோராம் பக்க ஓரத்தில் பென்சிலில்:
இன்னும் ஒரு பக்கம்தான்.
அதன் கீழ் நீல மையில் வேறொரு கை:
பொய். எனக்கு அறுபதில்தான் பிடிச்சது.
கோகுலப்பிரியன், கல்லடி.
யாரென்று தெரியாது.
அவனுக்கும் கீழே, மீன்குழம்புக் கறைக்குள்
பெயரில்லாமல் மூன்று கேள்விக்குறி.

எனக்கோ
ஏழாம் பக்கத்திலேயே நெஞ்சு அடித்தது.

காத்தான்குடிப் பக்கம் சுபஹ் பாங்கு கேட்கையில் முடித்தேன்.
ஷஹ்லாவிடம் சொல்லவில்லை.
ஏழாம் பக்க மூலையில்
ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.

திங்கட்கிழமை முன்வாங்கு தர்மிகா கேட்டாள்:
“சோதினைக்கு வருமா?”
“வராது. சப்பைதான்,” என்றேன்,
“நாப்பத்திரண்டு வரைக்கும் பொறுத்துக்கொள்.”