சின்னப்பையனும் பலரும், 2016

பாஸ்போர்ட்டுக்காக விரித்தெழுதிய என் இனிஷியலைக்
குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டது அந்த இதழ்.
அன்றிலிருந்து ஆய்வாளர் என் அப்பாதான்:
சின்னப்பையன், பூ.
அரூரில் முப்பத்தோரு வருடம்
வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவருக்கு
இன்றைய கணக்கில் மேற்கோள்
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

போனில் சொன்னேன்.
“யூனிட்டா, ரூபாயா?” என்றார்.

பதவி உயர்வுப் படிவம், கட்டம் பதினான்கு:
மொத்த மேற்கோள்கள். எச்-குறியீடு.
சிறந்த ஐந்து கட்டுரைகளும் அவற்றின் தாக்கமும்.
தாக்கம் என்றால் எனக்கு வெயில்தான் ஞாபகம் வரும்.
கோள் சொன்னதற்குப் பள்ளியில் முட்டி போட்டிருக்கிறேன்.
மேற்கோள் சேர்ந்தால்
மூன்றாம் மாடியில் ஜன்னல் வைத்த அறை.

அந்தக் கட்டுரை:
ரத்தப் புற்றின் செல்கள்,
செல் ஒன்றுக்கு இருபதாயிரம் மரபணுக்கள்,
அத்தனை எண்ணையும் ஓர் இயந்திரத்துக்குக் காட்டி
யாருக்குத் திரும்ப வரும், யாருக்கு வராது
என்று சொல்லப் பழக்கினோம்.
தொண்ணூற்றாறு சதவீதம் சரியாகச் சொன்னது.
யஷ்வந்த்பூர் தர்ஷினியில் நின்றபடியே
ஏழு பேர் கேசரி பாத் தின்றோம்.
இம்தியாஸ் காசு கொடுத்தான்.
அந்த வருடமே ஜூரிக் போய்விட்டான்.

மூன்று வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை
வேறெதற்கோ மறுபடி ஓட்டும்போது தெரிந்தது,
பதினேழாம் நோயாளியின் செல்கள்
பயிற்சியிலும் இருந்தன, தேர்விலும் இருந்தன.
மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடையவை.
இயந்திரம் நோயைப் படிக்கவில்லை,
ஒரு மனிதரை மனப்பாடம் செய்திருந்தது.
எங்கள் துறையில் இதற்குக் கசிவு என்று பெயர்.
அவரை விலக்கினால் எழுபத்தொன்று.

திருத்தம் வெளியிட்டோம். ஒன்றரைப் பக்கம்.
அதற்கு மேற்கோள் நான்கு,
மூன்று நானே சொன்னது.
கட்டுரைக்கோ அதன் பிறகுதான் கூட்டம்.
ஷென்செனில் தொண்ணூற்றாறு, பூனாவில் தொண்ணூற்றாறு,
என்னோடு ஒரே லிஃப்டில் ஏறுகிற
தேஜஸ்வினி ஹெக்டேயின் கட்டுரையிலும் தொண்ணூற்றாறு.
யாரையும் குறை சொல்வதற்கில்லை.
நாய் இருக்கிற வீடு என்றால் அப்பாவும்
கேட்டைத் திறக்காமலே
போன மாத அட்டையைப் பார்த்து
உத்தேசமாக ஒன்று எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

பதினேழைப் பற்றி எனக்குத் தெரிந்தது:
ஆண். நாற்பத்து நான்கு வயது.
ஓசூர் ரோடு மருத்துவமனை.
மாதிரி எடுத்த தேதி.
பக்கத்துப் பத்தியில் இன்னொரு தேதி,
அந்தப் பத்தியின் தலைப்பு: முடிவு.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது தடவையும்
அவரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்,
தெரியாமல்.

நேற்றிரவு மத்திகெரேயில் மழை இல்லை.
எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் லாரி வந்தபோது
மணி பன்னிரண்டே முக்கால்.
மோட்டார் சத்தத்துக்கு நடுவே
குவஹாத்தியிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
‘மதிப்பிற்குரிய டாக்டர் சின்னப்பையன் ஐயா,
நோயாளி வாரியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன்.
எனக்கு எழுபத்தொன்றுதான் வருகிறது.
என் தவறாகத்தான் இருக்கும்.’
மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாள்
நிபேதிதா சைக்கியா, முதலாண்டு முனைவர் மாணவி.

உங்கள் எண் சரி என்று எழுதினேன்.
திருத்தத்தை இணைத்தேன்.
பதினேழைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன்,
அழித்தேன், மறுபடி எழுதினேன்.
ஐயா இல்லை, அம்மா என்று
விளக்க வந்து விட்டுவிட்டேன்.
கீழே
சின்னப்பையன் என்றே போட்டு அனுப்பினேன்.

லாரி போய்விட்டது.
கட்டம் பதினான்கில்
2340 என்று அடித்தது அப்படியே இருக்கிறது.
படிவத்தை மூடட்டுமா என்று
கேட்டுக்கொண்டே இருக்கிறது கணினி.