கோடு நிற்கும் இடம்

மூன்று சுருளிலும் அதே கோடு.
மாங்கனிக் கண்காட்சி ராட்டினத்தின் குறுக்கே,
அணை மதகின் குறுக்கே,
சீமந்தத்துக்கு உட்கார்ந்த முனிலட்சுமி அண்ணியின்
கழுத்தில், சரியாகத் தாலிக்கு மேலே.
"வேணும்னே அறுத்திருக்கே" என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
படத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

பர்கூர் கிரானைட் ஆலையில்
எனக்கு வேலையே கீறல் பார்ப்பது.
பாலிஷ் முடிந்து வரும் கறுப்புப் பலகையில்
டார்ச்சைப் படுக்கவைத்து அடிப்பேன்.
நேர் வெளிச்சத்தில் யோக்கியமாயிருக்கிற கல்
சாய்ந்த வெளிச்சத்தில் உளறிவிடும்.
சாக்பீஸால் நான் வட்டம் போட்டால் லாரி ஏறாது.
நாளைக்கு அறுபது பலகை.
அப்படிப்பட்டவள் வீட்டில் இப்படி.

நெகட்டிவை டார்ச்சுக்குச் சாய்த்தேன்.
பளபளப்பான முதுகில் ஒன்றுமில்லை.
மங்கலான மருந்துப் பக்கம்தான் வழித்திருக்கிறது,
தலைமுடியில் பாதி அகலம்.
ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே
யாரும் நிற்காத வெறும் பட்டை இருக்கிறதே,
அதையும் கேட்காமல் கடந்துபோகிறது.
கழுவும்போது என் விரல் இழுத்திருந்தால்
இத்தனை நேராக வராது.
எனக்கு அவ்வளவு நேர்மை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை
காலாவதியான ஒரு சுருளைப் பலி கொடுத்தேன்.
கேமராவின் முதுகு திறந்தபடியே
நாலு இழுப்பு இழுத்து,
பிலிம் நின்ற இடத்திலேயே மார்க்கரால் புள்ளிகள்:
டப்பியின் வாயில் ஒன்று,
ஜன்னலின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று.
வெளியே எடுத்து, டார்ச்.
டப்பிக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுத்தம்.
இந்தக் கரைப் புள்ளியைத் தாண்டியதும் கோடு.
ஒன்றரை மாதமாய் நான் திட்டிக்கொண்டிருந்த
ஓசூர் கடைக்காரரின் பழைய டப்பி நிரபராதி.
மனதுக்குள் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டேன்.

நைலான் புடவையின் ஓரத்தைக் கிழித்து
ஜன்னல் கரையில் மெல்ல ஓட்டினேன்.
ஓடியது, ஓடியது,
ஓரிடத்தில் இழை சிக்கி நின்றது.
பூதக்கண்ணாடியில்:
கதவோரத்து நுரைப்பட்டை வெயிலில் உருகித் தாராகி
ஒரு சொட்டு அங்கே ஒட்டியிருக்கிறது.
அதில் மெத்தையில் படுத்த மாதிரி ஒரு துகள்.
கறுப்பு. எங்கள் ஆலைக் கல்.
என் துப்பட்டாவில் ஏறி வந்திருக்கும்.
கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதென்பார்கள்.
இங்கே கண்ணுக்குள்ளேயே கல்.

ஸ்பிரிட், பல் குத்தும் குச்சி, கால் மணி நேரம்.
துகள் போயும் இழை சிக்கியது.
கல் உரசிய கரையில் பிசிறு.
திம்மராஜிடம் வாங்கிய மூவாயிரம் நம்பர் தாளில்
நகத்தளவு கிழித்து
எட்டே எட்டு தேய்ப்பு.
பளிச்சிட்ட இடத்துக்குக் கறுப்பு மை.
"எந்தப் பலகைக்கு?" என்று கேட்டிருந்தான்.
"அண்ணி கழுத்துக்கு."

அடுத்த சுருள்.
மொட்டைமாடி, அண்ணி, மடியில் ஒரு மாதக் குழந்தை.
ஈரம் சொட்டத் தூக்கிப் பார்த்தேன்.
கோடு.
கையிலிருந்த கிளிப் விழுந்து எங்கோ உருண்டது.
டார்ச்சைச் சாய்த்தேன்.
படத்தின் விளிம்பு வரை வருகிறது. நிற்கிறது.
வெறும் பட்டையில் இல்லை.
அடுத்த படத்தில் வேறு உயரத்தில்,
கொஞ்சம் தொய்வோடு.

ஜெகதேவி பக்கம் போகும் மின்கம்பி.

இந்த முறை அண்ணி படத்தை வாங்கிக்கொண்டாள்.
வெகுநேரம் பார்த்துவிட்டு,
"ரெண்டடி தள்ளி நிக்க வச்சிருக்கலாம்ல?"