பதினொரு மைல்

கிராண்ட்பாஸ் கிட்டங்கியில்
வெங்காயச் சாக்குகளை இறக்க இறக்க
முதலில் தெரிந்தது வால்துடுப்பு.
பிறகு குரோமியம்.
பிறகு எலிப்புழுக்கை.

ஐம்பத்தேழில் கண்காட்சிக்கென்று
கப்பலில் வந்த ஒற்றை வண்டி.
மூன்று வாரம் மேடையோடு சுற்றியது,
சில்லு உருளாமல்.
சனம் டிக்கெட் எடுத்துப் பார்த்தது.
கம்பனி முறிந்தது; தீர்வை கட்ட ஆளில்லை.
சுங்கம் கதவில் ஈயமுத்திரை குத்தியது.

"ஓடாத வண்டி என்றால்தான் விலை"
என்றார் ஏலத்துக்காரர் பீரிஸ்.

மீற்றரைத் துடைத்தேன்.
பதினொரு மைல்.
துறைமுகம், மைதானம், கிட்டங்கி: மூன்று.
மிச்சம் எட்டு?

பஞ்சிகாவத்தையில் முப்பது வருடம்
இரும்போடு பேசுகிறவன் நான்.
அறுந்த முத்திரையை யாரோ
மெழுகுதிரிச் சூட்டில் உருக்கி ஒட்டியிருந்தார்கள்.
பின் ஆசனத்தைக் கழற்றினேன்.
வெள்ளைத் தோலில் பழுப்பாய்ப் பெரிய கறை.
அடியில் காசல் வீதி ஆஸ்பத்திரித் துண்டு:
ரெஜினா செபமாலை,
இரவு இரண்டு பத்து,
பெண்.

போக நாலு, வர நாலு.

சம்பளப் புத்தகத்தில்
இராக் காவலாளியின் பெயரும் செபமாலை.

பீரிஸ் கறையைக் கண்டு
கைக்குட்டையை எடுத்தார்.
"இதைப் போக்க ஏலுமா?"

ஏலும்.
ஏலாது என்றேன்.