நடுங்காத கை

ஏணியைப் பிடித்திருந்தவன் நான்.
ஆகவே நான் சொல்லலாம்.

வால்பராயிசோவில், குன்றேறும் படிக்கட்டின்
திருப்பத்துச் சுவரில்
ஒரியானா ஒரு நீல நாய் வரைந்தாள்.
முதுகை முடிக்கும் நேரம் பூமி லேசாகக் குலுங்கியது.
(இங்கே அதற்கெல்லாம் யாரும்
காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதில்லை.)
தூரிகை ஒரு விரற்கடை வழுக்கி
முதுகுத்தண்டில் சின்னதாய் ஒரு மேடு.
"அழிக்கட்டுமா?" என்றேன், கந்தைத் துணியோடு.
இறங்கி வந்தாள். எட்ட நின்று பார்த்தாள்.
நீல விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"விடு. இப்போதுதான் குரைக்கப் போகிறது."

ஏழு மாதம் கழித்து
சந்தையில், ஒரு மதுப்புட்டியின் மேல்
அதே நாய்.
அதே நீலம், அதே மடிந்த காது.
முதுகில் அதே மேடு,
அளவுகோல் வைத்த சுத்தத்தோடு.
சாந்தியாகோவில் ஏதோ ஓர் அறையில்
யாரோ ஒருவன்
நிலநடுக்கத்தை
நடுங்காத கையால் வரைந்திருக்கிறான்.

வக்கீல், வழக்கு, நஷ்டஈடு என்று கத்தியவன் நான்தான்.
அவள் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அந்தக் கண் என்னுடையதில்லை, தெரியுமா?
கசாப்புக் கடை ஹெர்மின்டாவின் பலகையில் ஒரு பசு உண்டே,
பதினோரு வயதில் தினமும் அதைக் கடந்து போவேன்.
வெட்டுப்படுவதற்கு முன்
வாடிக்கைக்கு ஆள் கூப்பிடுகிற கண்.
அதைத்தான் எடுத்தேன்."

அன்றே ஹெர்மின்டாவைக் கையோடு அழைத்துவந்து
நாயின் முன் நிறுத்திக்
களவை ஒப்புக்கொண்டாள்.
ஹெர்மின்டா கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.
"என் பசுவா? எங்கே?
இது பசித்த கண்ணடி.
என் பசு ஒருநாளும் பசித்ததில்லை."
ரத்தக்கறை மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு
கடைக்குத் திரும்பிவிட்டாள்.

ஒரியானா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
பதினோரு வயதில் அவள் வீட்டில்
ரொட்டி இருந்ததா என்று
நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

வழக்கு நடக்கிறது.
வக்கீல் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்:
இரண்டுக்கும் என்ன வித்தியாசம்,
சாட்சி தன் சொந்த வார்த்தையில் எழுதவும்.

எழுதினேன்:
முதுகில் உள்ள மேடு.
செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது.
ஏணியைப் பிடித்திருந்தேன்.
என் கையும் ஆடியது.