வெறுந்தறி

பாவு அறுத்து இறக்கியாயிற்று.
ஐந்து நாள் லீவு.
கொண்டலாம்பட்டியில் எங்கள் சந்தின்
பதினோரு பட்டறையும் ஓய்ந்த சாயங்காலம்
முதலில் கலங்கியது நாய்தான்.

தறிக்கொட்டகையில் பிறந்தவன்.
டடக் டடக் என்பதுதான் அவனுக்கு அமைதி.
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறானென்று
நாடா என்று பெயர் வைத்தாள் என் மகள்.
தறி நின்றால்
வீட்டில் யாரோ செத்துவிட்டதுபோல்
ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பான்.

அப்புறம் முதல் லட்சுமி வெடி.

போன வருஷம்
பலகாரத் தட்டோடு வந்த யாரோ
கேட்டைச் சாத்தவில்லை.
மூன்று நாள்.
நெத்திமேடு, சீலநாயக்கன்பட்டி, பைபாஸ் பாலத்தடி,
செல்போனில் படத்தைக் காட்டிக் காட்டி.
‘இந்த மாதிரி ஆயிரம் நாய் இருக்குதுங்களே’
என்றார் டீக்கடைக்காரர், பொய் சொல்லாமல்.
ஜருகுமலை அடிவாரத்துக் கோழிப்பண்ணையில்
தீவன மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தான்.
நகம் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது.
என்னைக் கண்டதும் நின்ற இடத்திலேயே
மூத்திரம் விட்டான்.
அதன்பின் அடுப்புக்குத் தீக்குச்சி உரசினாலும்
கட்டிலுக்கடியில்தான்.

இந்த வருஷம் கேட்டுக்கு ரெண்டு கொண்டி.
கழுத்துப்பட்டையில் மார்க்கர் பேனாவில் என் நம்பர்.
லட்டில் இருக்கும் திராட்சை நாய்க்கு ஆகாதென்று
டாக்டர் சொன்னதிலிருந்து
வருகிற கைகளையெல்லாம் போலீஸ்காரி மாதிரி பார்க்கிறேன்.
‘ஒரு லட்டுல என்ன ஆயிடும்?’
நாத்தனார் கோபித்துக்கொண்டு போனாள்.
போகட்டும். பொங்கலுக்கு வருவாள்.

வெயில் இறங்குவதற்குள் நடத்திக் கூட்டிவந்தோம்.
ஜன்னலில் போர்வை அடித்தோம்.
டிவியை அலறவிட்டோம்.
ஏழு மணிக்குப் பத்தாயிரம் வாலா.
அவன் முதுகில் கை வைத்திருந்தேன்.
நடுக்கத்தில்
என் வளையல்கள் ஒன்றோடொன்று மோதின.

அர்த்தனாரி
(பேர் சொன்னால் கோபிக்க மாட்டார்)
சட்டென்று எழுந்தார்.
‘தறியப் போட்டுவிடலாமா?’

வெறுந்தறி ஓட்டக் கூடாது, பாகம் தேயும்.
பட்டறையில் எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறார்.
நாடாவைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.
மற்ற நாடாவை
சுவரோரம் கோணிச்சாக்கில் படுக்கவைத்தேன்.
ஸ்விட்ச்.

தரை அதிர்ந்தது.
ஒட்டடைப் பஞ்சு ஆடியது.
நூல் இல்லை, துணி இல்லை,
முழம் இல்லை, கூலி இல்லை.
டடக் டடக் டடக்.
வெளியே வெடித்ததெல்லாம்
கதவிடுக்கில் வெறும் வெளிச்சமாய் வந்து போயின.
நாடா முன்னங்கால் மேல் தாடையை வைத்தான்.
நெடுநேரம் கழித்து
ஒரு கண்ணை மூடினான்.

எதிர்வீட்டு ரத்தினவேல் வாசலில் நின்று கத்தினார்:
‘தீவாளி ராத்திரியிலுமா காசு?’
மீட்டர் சுற்றுவதைப் பார்த்தபடி
‘அவசர ஆர்டருங்க’ என்றேன்.

பத்தரைக்கு அவர் மகள் வினோதா வந்தாள்,
ஓட்டை போட்ட செருப்பு டப்பாவோடு.
உள்ளே ரெண்டு லவ் பேர்ட்ஸ்.
என் காதருகே வந்து சொன்னாள்:
‘ஒண்ணு சாயங்காலத்துலருந்து கம்பியில மோதிக்கிட்டே இருக்குதுக்கா.
அப்பாவுக்குத் தெரியாது.’
பஞ்சு படாத மூலையைக் கையால் காட்டினேன்.
மேலே என் பழைய புடவையை மூடினாள்.
மத்தாப்புக் கரி படிந்த விரல்களால்
முழங்காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

மகளைத் தேடிக்கொண்டு
கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார்.
டப்பாவைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.
ஒரு நூலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் தறியை
குனிந்து, உற்றுப் பார்த்தார்.
என்னவோ சொன்னார்.
சத்தத்தில் கேட்கவில்லை.

போகும்போது
கேட்டை இழுத்துச் சாத்தி,
கம்பிக்குள் கைவிட்டு
ரெண்டு கொண்டியும் போட்டார்.