ஐந்து மில்லிலீற்றர்

ஸ்வான்சியில் நேற்றும் மழை.
பதினோராம் வகுப்புக்குப் பதினான்கு செப்புச் சுருள் வேண்டும்.
எம்ரிஸ் தன் வீட்டுப் பழைய மின்கம்பியை உரித்து
பென்சிலில் சுற்றிச் சுற்றிக் கழற்றி வைத்தான்.
உலோகம் எனக்கு, மதுசாரம் உனக்கு.
எங்களுக்குள் பத்து மாத ஒப்பந்தம் இது,
கையெழுத்தில்லை, சாட்சியில்லை.
எதனோல் அலுமாரியின் திறப்பு என் கழுத்தில்.
தாலியை வங்கிப் பெட்டியில் வைத்த நாளிலிருந்து
அங்கே கிடக்கும் ஒரே நகை.

மெதனோல் கலந்தது, குடித்தால் கண் போகும்
என்று போத்தலின் மேல் மண்டையோடு சொல்கிறது.
போனால் போகட்டும் என்று ஒரு ஜனவரியில் நினைத்தானாம்.
பீக்கர் கழுவிக்கொண்டே சொன்னான்,
வானிலை சொல்வதுபோல.

சுருளைச் சுவாலையில் பிடித்தால் கறுக்கும்.
இலத்திரன் இரண்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு
சட்டியின் அடிபோல நிற்கும் செம்பு.
சூடு ஆறுமுன் எதனோலில் இறக்கு.
ஸ்ஸ் என்று ஒரு மூச்சு.
வெளியே எடுத்தால் புளி போட்டு விளக்கிய குடம்.
கொடுத்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது.
திருப்பிக் கொடுத்தது மதுசாரம்.
அது இனி மதுசாரமில்லை.

இழப்பது ஒட்சியேற்றம். பெறுவது தாழ்த்தல்.
இழந்தால் ஏற்றமாம், பெற்றால் தாழ்வாம்;
பெயரை மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்றே
பள்ளியில் நினைத்திருந்தேன்.
இப்போது சரியாகப் படுகிறது.
வாங்குகிற கை கீழேதானே இருக்கும்.
விசா, வேலை, வைத்தியம் என்று நான் வாங்கியபோதெல்லாம்
என் கை எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியும்.
எம்ரிஸுக்கும் தெரியும்.
புதன்கிழமைகளில் வட்டமாய்ப் போட்ட கதிரைகளில் ஒன்றிலிருந்து
பெயரைச் சொல்லி
இன்னுமொரு நாளைக் கேட்டு வாங்கி வருகிறான்.

இன்று காலை ரயில் நீத்தில் நாற்பது நிமிடம் நின்றது.
லாண்டோர் பாலத்தில் ஏறியபோது
பழைய செப்பாலையின் புகைபோக்கி
மழைக்குள் தெரிந்தது, புகையில்லாமல்.
கழுத்தைத் தடவினேன்.
வெறும் தோல்.
திறப்பு நேற்றிரவு மேசையில்.

ஓடித்தான் போனேன்.

பதினான்கு குழாய்கள் நிரப்பி வரிசையாய் நின்றன.
பதினைந்தாவது தனியாக.
அதனருகே ஒரு சுருள், பளபளவென்று.
அறை முழுக்க அழுகத் தொடங்கிய அப்பிள் வாசம்.
எதனோல் ஒட்சியேறினால் எதனால்.
எங்கள் எழுத்தில் அது ஒரு கேள்வி.

ஈரலுக்குள்ளும் இதே மாற்றம்தான், இதே பொருள்தான்.
குழாயிலிருந்து வருகிறதா, மனிதனிலிருந்தா
என்று மூக்கு பிரித்துச் சொல்லாது.

"நீ வரப் பிந்தியது. நானே ஊற்றினேன்.
ஒன்றைச் செய்தும் பார்த்தேன், வருகிறது" என்றான்.
கை நடுங்கியதாம், சன்னலைத் திறந்துவைத்தானாம்.
திறப்பை என் பக்கம் தள்ளினான்.
நல்லது என்றேன். வேறு சொல் வரவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் வகுப்புக்குப் போனபின்
கதவைச் சாத்தி, அளவுச்சாடியை எடுத்தேன்.
ஆம், அளந்தேன்.
இரண்டு தரம்.

பதிவேட்டில் அவன் எழுத்து: எழுபத்தைந்து மில்லிலீற்றர்.
போத்தலில் குறைந்தது எண்பது.

சன்னல் திறந்திருந்தது.
மூடியும் இறுகியிருக்கவில்லை.
எதனோல் பறக்கும், யாருக்குத்தான் தெரியாது.

சுவருக்கு அப்பால் ஸ்ஸ்,
ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு, மறுபடி ஸ்ஸ்.
யாரோ "திரும்பவும்! திரும்பவும்!" என்கிறார்கள்.
எம்ரிஸின் குரல் எதையோ எண்ணுகிறது.

ஐந்துக்கு நேரே நீல மையில்
ஆவியானது என்று எழுதி
கீழே என் பெயரை இட்டேன்.

திறப்பு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.